நான்கு மூலை மஞ்சள்

வயிரவன் பிரஸ்ஸில் வேலை பார்த்த ராக்காயிக்கு வலது கைக் கட்டைவிரல் வருஷத்தில் பாதி நாள் மஞ்சளாகவே இருக்கும். தை பிறந்துவிட்டால் நகக்கண் வரை ஏறிவிடும். சோப்புப் போட்டால் சிவந்து போகும், புளி போட்டுத் தேய்த்தால் மறுபடி மஞ்சளாகும், போவது மட்டும் இல்லை. அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மஞ்சள் விஷமில்லை, ஈயமும் மையும்தான் வயிற்றுக்குள் போகக்கூடாது என்பாள். சாப்பிட உட்காருமுன் முழங்கை வரை கழுவுவாள். அந்தப் பிரஸ்ஸில் அந்தப் பழக்கம் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் இருந்த அந்த அச்சாபீஸ், சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த 1948-ஆம் வருஷம் தொடங்கியது. தொடங்கியவர் சொக்கநாதன் செட்டியார், திருமயம் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா வயிரவன் பர்மாவில் கடை வைத்திருந்து, யுத்தத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். மிஞ்சியதைத் திரட்டி மகன் சென்னையில் ஒரு பழைய டிரெடில் மிஷினும் எழுத்துப் பெட்டிகளும் வாங்கி வந்து, அப்பா பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார். நல்ல நேரத்தில்தான் மாட்டினார். சமஸ்தானம் போனதும் ஊரில் உள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் பில் புத்தகத்தின் தலைப்பை மாற்ற வேண்டியிருந்தது. 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்றிருந்த இடத்தில் 'திருச்சி ஜில்லா' என்று வர வேண்டும். முதல் ஆறு மாதம் அந்த ஒரு வரியே பிரஸ்ஸுக்குச் சோறு போட்டது.

ராக்காயி அதே வருஷம்தான் உள்ளே வந்தாள். அவளுக்குத் திருவரங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம். புருஷன் நாகராசு ரப்பர் தோட்டத்து வேலைக்கு என்று 1940-இல் மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டான். அப்போது மகள் செவந்தி கைக்குழந்தை. போன புதிதில் தபால் வந்தது. சண்டை வந்தது, தபால் நின்றது. சண்டை முடிந்து ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் மறுபடி தபால் வந்தது, நாகராசு பெயரில் எதுவும் வரவில்லை. மகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு, ராக்காயி ஆலிலையில் தையல் இலை தைத்துக் கட்டுக் கட்டாகப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து, பிரஸ்ஸுக்கு அடுத்திருந்த ஓட்டலுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டல் வாசலில் உட்கார்ந்து அவள் இலைகளைத் தட்டி அடுக்குகிற வேகத்தைச் செட்டியார் பார்த்தார். பில் புத்தகம் மடித்து அடுக்கித் தைக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. இலை தைக்கிற கைக்குத் தாள் தைக்கத் தெரியாதா என்று நினைத்தார். நினைத்தது சரியாக இருந்தது.

அச்சாபீஸ் வேலை என்றால் பலர் எழுத்துக் கோர்ப்பதும் மிஷின் ஓட்டுவதும்தான் என்று நினைக்கிறார்கள். அடித்து வெளியே வருகிற தாள் அரை வேலைதான். அதை உலர்த்தி, மடித்து, அடுக்கி, தைத்து, பசை தடவி, வெட்டிக் கட்டினால்தான் அது ஒரு பொருளாகும். அந்த மிச்ச அரை வேலை முழுதும் ராக்காயியினுடையது. பஸ் கம்பெனிக்கு டிக்கெட் புத்தகம் வரும், ஒவ்வொரு டிக்கெட்டிலும் எண்ணைக் கைமிஷினால் குத்த வேண்டும். டாக்கீசுக்கு மெல்லிய கலர்த் தாளில் படம் மாறும்போதெல்லாம் நோட்டீஸ். நாடகக் கொட்டகைக்கு ஆளுயரச் சுவரொட்டி, அதற்கு ஈய எழுத்துப் பற்றாது, தேக்கு மரத்தில் செதுக்கிய எழுத்துகள் தனிப் பெட்டியில் இருக்கும். மருந்துக் கடைக்கு 'குலுக்கிச் சாப்பிடவும்' என்ற லேபிள். வருஷக் கடைசியில் காலண்டர் வரும். சாமி படத்தைச் சிவகாசிக்காரர்கள் கல்லச்சில் பல கலரில் அடித்து அனுப்பிவிடுவார்கள், அடியில் கடைக்காரர் பெயரைப் போடுவது மட்டும் இங்கே. பசை காய்ச்சும்போது ராக்காயி கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பாள், பூச்சி அரிக்காது. மிஷினில் மை தடவும் உருளைகள் வஜ்ரப் பசையும் வெல்லப்பாகும் காய்ச்சி வார்த்தவை. சித்திரை வெயிலில் இளகும், மற்ற மாதங்களில் எலி தின்னும். சாயங்காலம் அவற்றைப் பத்திரமாகத் தூக்கி வைப்பதும் அவள்தான்.

மிஷின் ஓட்டியவர் ஆண்டியப்பன். கறம்பக்குடிப் பக்கம். மிதித்து மிதித்து வலது கால் கெண்டைச்சதை மட்டும் தனியாக வளர்ந்துபோன மனிதர். வலது கை வெள்ளைத் தாளை உள்ளே வைக்கும், இடது கை அச்சான தாளை எடுக்கும், கால் நிற்காது, வாயும் நிற்காது. ராக்காயியைத் தங்கச்சி என்பார். அவள் அண்ணே என்பாள். அவள் பக்கத்தில் தாள் குவிந்துவிட்டால், இலை தைத்தவளுக்கு இதுவும் சாப்பாட்டு இலை மாதிரி இருக்கிறதோ, பந்திக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறாளோ என்று சீண்டுவார். நீங்கள் கோணலாக அடித்ததைப் பொறுக்கி எடுக்கத்தான் நேரம் ஆகிறது என்பாள் இவள். ஒரு வருஷம் மழைக்காலத்தில் அவருடைய மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பதினாறு கழித்து வந்து மிஷினில் ஏறினார். அன்றைக்கு அவர் பேசவில்லை, இவளும் சீண்டவில்லை. அவர் கொண்டுவந்த வெறும் சோற்றைப் பார்த்துவிட்டுத் தன் குழம்பில் பாதியை ஊற்றினாள். மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

மஞ்சள் வேலை வந்தது செட்டியாரின் யோசனையால். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் தெரிந்ததே. பத்திரிகையை வாங்கிப் போனதும் வீட்டில் சுமங்கலிகள் உட்கார்ந்து குழைத்து வைப்பார்கள். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும். நாங்களே வைத்துத் தருகிறோம் என்று செட்டியார் சொன்னதும், கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வைக்கிற கை மட்டும் சுமங்கலி கையாக இருக்க வேண்டும். செட்டியார் ராக்காயியைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் இருக்கிறாரல்லவா என்று கேட்டார். மலேயாவில் இருக்கிறார் என்றாள். அவள் கழுத்தில் தாலி கிடந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு ராக்காயியின் கட்டைவிரல்தான் முதலில் மங்களம் சொன்னது.

1955-ஆம் வருஷம், வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால், ஒரு மத்தியானம் பிச்சைமுத்து பிரஸ் வாசலில் வந்து நின்றார். ராக்காயியின் கிராமத்துக்காரர், நாகராசுவோடு அதே கப்பலில் போனவர். பதினைந்து வருஷத்தில் பாதி உடம்பாகத் திரும்பியிருந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அவளைப் பின்பக்கம் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னார். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் கொட்டகை. வாந்திபேதி வந்தது. நாகராசு அதில் போய்விட்டான். அது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது.

ராக்காயி கேட்டதெல்லாம், கடைசியில் யார் தண்ணீர் கொடுத்தது, காய்ச்சிய தண்ணீரா, எத்தனை நேரம் கஷ்டப்பட்டார் என்பதுதான். தானே கொடுத்ததாகவும், சீக்கிரம் அடங்கிவிட்டதாகவும் பிச்சைமுத்து சொன்னார். அவள் கொஞ்ச நேரம் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒன்னையப் பாத்ததும் சொல்ல மனசு வரலை, ஆத்தா. பூவும் பொட்டுமா இருக்க. ஊர்ல யாருக்கும் நான் சொல்லலை. நீ சொல்லாட்டி யாருக்கும் தெரியாது."

அவர் போன பிறகு அவள் அழுதாள். எத்தனை நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் செட்டியாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

செட்டியாருடைய மேஜையில் அப்போது மலையாண்டியின் பத்திரிகை கிடந்தது. மலையாண்டி கீரமங்கலத்தில் வாழையும் தென்னையும் வைத்திருந்த பெரிய சம்சாரி. அவர் எந்தப் பிரஸ்ஸுக்குப் போகிறாரோ சுற்றுப்பட்ட ஊர்களும் அங்கேதான் போகும். அவருடைய இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். அடித்து வந்த பத்திரிகையில் பாதிக்கு ராக்காயி அன்று காலையில்தான் மஞ்சள் வைத்து முடித்திருந்தாள்.

செட்டியார் நல்ல மனிதர். அவள் விஷயத்தில் வருத்தப்பட்டார், அதில் சந்தேகமில்லை. வருத்தத்துக்குப் பின்னாலேயே பயம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் என்றால், அவள் மஞ்சள் வைத்த ஏழு வருஷமும் அவள் கைம்பெண்தான். இது வெளியே தெரிந்தால் அத்தனை வீட்டுக்காரர்களும் வருவார்கள். எல்லா வீட்டிலுமா எல்லாம் நல்லபடி நடந்திருக்கும்? பிள்ளை இல்லாதவர்கள் வருவார்கள், பிள்ளை தங்காதவர்கள் வருவார்கள்.

"யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"பிச்சைமுத்து அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்குத் தெரியும்."

இந்த வைகாசி முடிகிற வரைக்கும் கழுத்தில் கிடப்பது அப்படியே கிடக்கட்டுமே என்றார் செட்டியார். பன்னிரண்டு வருஷம் கிடந்தது இன்னும் ஒரு மாதம் கிடந்தால் என்ன குறைந்துவிடும். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் மைக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

கைம்பெண் கை பட்டால் கல்யாணம் கெடும் என்பதை ராக்காயி நம்பினாளா என்றால், அவளுக்கே தெரியாது. நம்பாதவர்களுக்கும் இந்த மாதிரி விஷயத்தில் ஒரு மூலையில் பயம் இருக்கத்தான் செய்யும். அவள் பதில் தெளிவாக இருந்தது.

"நாளைக்கு ஏதோ ஒரு ஊர்ல ஒரு பொண்ணுக்கு ஒண்ணுன்னா, தெரிஞ்சே வச்சமேன்னு என் கைதான் எனக்கு ஞாபகம் வரும். அந்தப் பாடு எனக்கு வேணாங்க. மஞ்சள் வைக்க மாட்டேன். ஆனா மத்த வேலைய விடமாட்டேன், மொதலாளி. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு."

செட்டியார், பார்க்கிறேன் என்றார். நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கிராமத்துக்குப் போனாள். தாலி கழற்றினார்கள். பதினாறு நாள் உட்கார் என்று தாயார் சொன்னதற்கு, அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு, பதினாறு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி மூன்றாம் நாளே பஸ் ஏறினாள். வெள்ளைச் சேலையும் கட்டவில்லை. அச்சாபீசில் வெள்ளைச் சேலை கட்டினால் சாயங்காலத்துக்குள் அது வெள்ளையாக இருக்காது. பழைய பாக்குக் கலர்ச் சேலையிலேயே வெறும் கழுத்தோடு வந்து, பஸ் டிக்கெட் கட்டை எடுத்து எண் குத்த உட்கார்ந்தாள். போகச் சொல்லட்டும், சொல்கிற வரைக்கும் வேலை நடக்கட்டும் என்பது அவள் கணக்கு.

செட்டியார் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மலையாண்டியின் பத்திரிகைதான் அவர் கழுத்தைப் பிடித்தது. அவள் மஞ்சள் வைத்திருந்த பாதியை எரித்துவிட்டு அதை மறுபடி அடிக்கச் சொன்னார். மஞ்சள் வைப்பதற்கு வீட்டிலிருந்து மனைவி சேதுலட்சுமி ஆச்சியை அழைத்து வந்தார். ஆச்சி பெரிய மனதோடுதான் உட்கார்ந்தாள். குழைத்தது தண்ணீராகப் போய்விட்டது. முதல் பத்திரிகையில் மஞ்சள் வழிந்து மாப்பிள்ளை பெயர் மேல் ஏறியது. இரண்டாவதில் பெருவிரல் ரேகை முழுசாக விழுந்து, பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆச்சிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஆச்சி புருஷனிடம் சொன்னாள், ஏழு வருஷமாக அவள் வைத்த மஞ்சளில்தானே ஊரெல்லாம் பிள்ளை பெற்றிருக்கிறது, இப்போது என்ன புதிதாக என்று.

"அது எனக்குத் தெரியும். கறம்பக்குடியில ஒரு மாப்பிள்ளை கல்யாணமான மறுவருசமே போனானே, அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியணுமே" என்றார் செட்டியார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டிக்கெட் அடித்துக்கொண்டிருந்த ஆண்டியப்பன் மிஷினை நிறுத்திவிட்டு, பேரெல்லாம் மிஷின் அடிக்கும்போது மஞ்சளை மட்டும் அது அடிக்காதா என்று கேட்டார். மஞ்சள் மை ஒரு டப்பா இருந்தது, சோடாக் கம்பெனி லேபிளுக்காக வாங்கியது. மூலையில் பதிய ஒரு அச்சு வேண்டும், அவ்வளவுதான். செட்டியார் தலையை நிமிர்த்தினார்.

ஆண்டியப்பன் முதலில் செய்தது மகா காரியம். மெத்தென்று பதிய வேண்டும் என்று தோல் துண்டு தேடி, தன் பழைய செருப்பின் அடித்தோலிலேயே நாலு துண்டு வெட்டிக் கட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தார். ராக்காயி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது?"

"தோலு."

"எந்தத் தோலு?"

அவர் தன் காலைப் பார்த்தார். பெண்ணுக்குக் கல்யாணம், மஞ்சளுக்குச் செருப்பா என்று அவள் கேட்ட கேள்வியில், அந்தத் துண்டுகள் மட்டுமில்லை, மிச்சச் செருப்பும் வாசலுக்குப் போனது. ஊரே தன் கையைத் தீட்டு என்று சொல்லப்போகிற சமயத்தில் அவள்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. ஆச்சி உள்ளே போய்ச் சிரித்தாள்.

பிறகுதான் மர எழுத்துப் பெட்டி ஞாபகம் வந்தது. உடைந்துபோன நாலு தேக்கு எழுத்துகளை ஆண்டியப்பன் தலைகீழாகத் திருப்பினார். எழுத்தின் முதுகு வழவழவென்று இருக்கும், உயரமும் மிஷினுக்குச் சரியான உயரம். விரல் நுனி மாதிரி உருண்டையாக அரத்தால் தேய்த்து, எழுத்துகளைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்தின் நான்கு மூலையிலும் வைத்து இறுக்கினார். மஞ்சள் மை கொஞ்சம் அடம் பிடிக்கிற ஜாதி. மைத்தட்டிலும் உருளையிலும் முன்பு போட்ட கறுப்பு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் காவியாகிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ராக்காயி அவற்றைத் துடைத்துத் துடைத்துத் தந்தாள். பத்திரிகைகள் இரண்டாவது தடவை மிஷினுக்குள் போய் வந்தன. நான்கு மூலையிலும் நான்கு மஞ்சள் பொட்டுகள், ஒரே அளவு. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமலிருக்க அவற்றைக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டுக் காய வைத்து, மறுநாள் அவளே மடித்துக் கட்டினாள். செட்டியார் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மடிக்க வேறு ஆள் இல்லை.

மலையாண்டி அதற்கு அடுத்த நாள் வந்தார். செட்டியார் நாற்காலி போட்டார். பத்திரிகைக் கட்டைக் கையில் வாங்கும்போதே மலையாண்டியின் பார்வை ராக்காயியிடம் போனது. மூத்த மகள் கல்யாணத்திலிருந்து அவளை அவருக்குத் தெரியும்.

"என்னாத்தா, கழுத்து வெறுமையா இருக்கு? எப்ப?"

செட்டியார் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"தகவல் இப்பத்தான் வந்துச்சுங்க. ஆளு போயிப் பன்னெண்டு வருசமாச்சு."

மலையாண்டி சம்சாரி. விதைப்பும் அறுப்பும் கணக்குப் பார்த்தே பழகியவர். அவர் முகத்தில் கணக்கு ஓடுவது எல்லாருக்கும் தெரிந்தது. மூத்தவள் கல்யாணப் பத்திரிகை இவள் மஞ்சள் வைத்ததுதான். மூத்தவளுக்கு இரண்டு ஆண்பிள்ளை, நன்றாகத்தான் இருக்கிறாள். அந்தக் கணக்கும் ஓடியிருக்கும். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். இதற்கு யார் மஞ்சள் வைத்தது என்று கேட்டார். மிஷின் வைத்தது என்றார் செட்டியார்.

"மடிச்சது?"

அந்த இடத்தில் செட்டியார் ஒரு பொய் சொன்னால் போதும், ஆச்சி மடித்தாள் என்று.

"நான்தாங்க மடிச்சேன்" என்றாள் ராக்காயி.

மலையாண்டி கட்டை மேஜைமேல் வைத்துவிட்டார். கோபமாக வைக்கவில்லை, சுடுகிற பாத்திரத்தை வைப்பது மாதிரி வைத்தார். செட்டியார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ராக்காயிக்கு இனி இங்கே வேலை இல்லை என்பது அந்தக் கட்டு மேஜையைத் தொட்டபோதே முடிவாகிவிட்ட மாதிரி இருந்தது.

மிஷின் சத்தம் நின்றது. ஆண்டியப்பன் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"அய்யா, ஒரு வார்த்தை. அந்தப் பத்திரிகையை ஒண்ணொண்ணா உள்ள வச்சு வெளிய எடுத்தது என் கை. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. என் பொண்டாட்டி செத்து நாலு வருசமாச்சு. என்னைய நீங்க கேக்கவே இல்லையே?"

"ஆம்பளைக்கு ஏதுய்யா அதெல்லாம்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். அவ என் மடியிலதான் போனா. ஒட்டுற பீடைன்னு ஒண்ணு இருந்தா எங்கிட்டத்தானே முதல்ல ஒட்டியிருக்கணும். இந்தத் தங்கச்சி புருசன் கடல் தாண்டி எங்கயோ போய்ச் சேந்தாரு. அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்து இவ கையில எப்படிங்க ஒட்டும்?"

மலையாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படலாமா என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு மூலையை அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. மறுபடி தேய்த்தார்.

மூத்தவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது தூறல் பிடித்து, மஞ்சள் கரைந்து பை முழுதும், வேட்டி முழுதும் ஆனதை அப்போது சொன்னார். சம்பந்தி வீட்டுக்குப் பீர்க்கம்பூ மாதிரி போய் நின்றாராம். இது மழையில் போகாதா என்று கேட்டார். வெளுக்கப் போட்டாலும் போகாது என்றார் ஆண்டியப்பன்.

"மிசினுக்கு எவன்யா தாலி கட்டுனான்?" என்று பொதுவாக ஒரு கேள்வி கேட்டார் மலையாண்டி. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டு, கட்டை எடுத்துத் துண்டில் சுற்றினார். அய்யனாருக்கு வைக்கிற முதல் பத்திரிகைக்கு மட்டும் வீட்டில் தன் சம்சாரம் கையால் நிஜ மஞ்சள் வைத்துக்கொள்வதாகச் செட்டியாரிடம் சொன்னார். அது அவர் தனக்காகச் சொல்லிக்கொண்டது. வாசல்படி இறங்கும்போது ராக்காயியைப் பார்த்து, பொண்ணு என்ன படிக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் செட்டியார் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். ராக்காயி கேட்கவேண்டியதை அப்போதே கேட்டுவிட்டாள், தான் நாளைக்கு வரலாமா என்று. செட்டியார் நாளைக்கு டாக்கீஸ் நோட்டீஸ் நிறைய இருக்கிறது, வெள்ளென வா என்றார்.

எல்லாரும் மலையாண்டி மாதிரி இருந்துவிடவில்லை. விஷயம் பரவியது. இரண்டு மூன்று குடும்பங்கள் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டன. கறம்பக்குடியிலிருந்து, செட்டியார் பயந்த மாதிரியே, அந்தப் பையனின் தாயார் வந்தாள். சண்டைக்குத்தான் வந்தாள். செட்டியார் உள்ளே போய்விட்டார். ராக்காயி அவளை உட்கார வைத்து, பையனுக்கு என்ன வந்தது, எத்தனை நாள் படுத்திருந்தான் என்று கேட்டாள். அந்த அம்மாள் மத்தியானம் வரை உட்கார்ந்து மகனைப் பற்றிச் சொல்லிவிட்டு, சண்டையை மறந்தவளாகப் போனாள். அச்சு மஞ்சள் மட்டும் பிடித்துக்கொண்டது. அடுத்த தையில் வந்தவர்கள், கீரமங்கலத்தில் அடித்தீர்களே, அழியாத மஞ்சள், அது வேண்டும் என்றே கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஊரில் மற்ற பிரஸ்காரர்களும் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

மகள் செவந்திக்கு 1960-இல் கல்யாணம் கூடியது. எட்டாவது வரை படித்த பெண், மாப்பிள்ளை திருவரங்குளத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் பியூன். பத்திரிகை வேறெங்கே அடிப்பது. அழைப்பவர் என்று ராக்காயியின் அண்ணன் பெயர்தான் போட்டார்கள். அவள் அதற்குச் சண்டை போடவில்லை. அண்ணன் பெண்டாட்டி மட்டும் பிரஸ் வரைக்கும் கூடவே வந்துவிட்டாள். நல்ல காரியம், நீ கிட்டே போகவேண்டாம், எல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ராக்காயியை வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பார்த்தாள்.

கறுப்பெழுத்து அடித்து முடிந்து, மஞ்சளுக்கு மிஷின் தயாராக இருந்தது. ஆண்டியப்பன் மேலே ஏறினார். ஒரு மிதி மிதித்துவிட்டு நிறுத்தினார்.

"தங்கச்சி, இங்கிட்டு வா."

அண்ணன் பெண்டாட்டி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு பத்திரிகையை எடுத்து ராக்காயி கையில் கொடுத்து, வலது பக்கத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மெதுவாக மிதிப்பதாகவும், வைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். மிஷின் வாயைத் திறந்தது. ராக்காயி மகளின் பத்திரிகையைத் தாள் நகராமல் நிறுத்தும் ஊசி முனைகளில் பொருத்தி வைத்து, கையை எடுத்தாள். வாய் மூடித் திறந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் விழுந்திருந்தது.

அவள் அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டாள்.

"கீழ எடது மூல வெளுப்பா விழுகுதுண்ணே" என்றாள். "அந்தக் கட்டைக்கு அடியில ஒரு தாளு வைங்க, அழுத்தமா விழும்."